ஆயிரம் கிரெடிட்டும் ஒரு குட்டிக் கப்பலும்

'எலைட் டேஞ்சரஸ்' வீடியோ கேமில் கத்துக்குட்டி நிலையிலிருந்து உச்சிக்குப் போகும் ஏணி நீளமானது. ஏறியவர்கள் அங்கே என்ன செய்கிறார்கள் என்பதுதான் சுவாரசியம்

விண்வெளியில் முதல் மரணம் பெரும்பாலும் வாசற்படியில்தான் நிகழ்கிறது. கொள்ளைக்காரன் சுட்டோ, வேற்றுக்கிரகவாசி தாக்கியோ அல்ல. கப்பலை நிறுத்தத் தெரியாமல்.

'எலைட் டேஞ்சரஸ்' விளையாட்டில் புதிதாக நுழைபவருக்குக் கிடைப்பது 'சைட்வைண்டர்' என்ற குட்டிக் கப்பலும் ஆயிரம் கிரெடிட் பணமும்தான். எதிரே பிரமாண்டமான விண்நிலையம் தன்னைத்தானே சுற்றிக்கொண்டிருக்கும். உள்ளே போக இருப்பது ஒரே வழி, தபால் பெட்டியின் வாயைப் போன்ற நீள்சதுரத் துவாரம். அதுவும் நிலையத்தோடு சேர்ந்து சுழலும். ஏழரை கிலோமீட்டர் தூரத்துக்குள் வந்ததும் ரேடியோவில் அனுமதி கேட்க வேண்டும். எந்த மேடையில் இறங்குவது என்று எண் தருவார்கள். வாசலின் பச்சை விளக்கு வலது பக்கம் இருக்கும்படி நுழைய வேண்டும். வேகம் விநாடிக்கு 100 மீட்டரைத் தாண்டக்கூடாது. பத்து நிமிடத்துக்குள் இறங்கியாக வேண்டும். அனுமதி கேட்காமல் நுழைந்தால் நிலையத்தின் பீரங்கிகள் பேசும்.

இத்தனையும் தெரியாமல் முழு வேகத்தில் வரும் புதியவர் சுவரில் மோதிச் சிதறுகிறார். நல்லவேளை, சைட்வைண்டர் போனால் இன்னொன்று இனாமாகக் கிடைக்கும். விளையாட்டு காட்டும் கருணை ஏறக்குறைய அதோடு முடிகிறது.

இப்போதெல்லாம் கப்பலைத் தானாகவே நிறுத்தும் கம்ப்யூட்டர் ஆரம்பக் கப்பலிலேயே பொருத்தப்பட்டு வருகிறது. ஆனாலும் பழைய ஆட்டக்காரர்கள் புதியவர்களுக்குத் தரும் முதல் அறிவுரை, அதைக் கழற்றி வைத்துவிட்டு முதல் சில நாட்கள் கையாலேயே நிறுத்திப் பழகுங்கள் என்பதுதான். இதில் பிடிவாதம் மட்டும் இல்லை, காரணமும் இருக்கிறது. வாசலில் கற்கும் நிதானம்தான் பின்னால் 20,000 ஒளியாண்டு தூரத்தில் உயிரைக் காப்பாற்றும்.

இந்த விளையாட்டின் பரம்பரை பெரியது. 1984ல் டேவிட் பிரேபன், இயன் பெல் என்ற இரண்டு கேம்பிரிட்ஜ் மாணவர்கள் 'எலைட்' என்ற கேமை எழுதினார்கள். பிபிசி மைக்ரோ என்ற கம்ப்யூட்டருக்காக எழுதப்பட்டது அது. அதன் மொத்த நினைவகமே 32 கிலோபைட். இன்று செல்போனில் எடுக்கும் ஒரு புகைப்படத்தைக்கூட அதில் வைக்க முடியாது. அதற்குள் எட்டு நட்சத்திர மண்டலங்கள், ஒவ்வொன்றிலும் 256 கிரகங்கள், ஆக 2,048 உலகங்களை அடைத்தார்கள். எதையும் சேமித்து வைக்கவில்லை என்பதுதான் ரகசியம். ஒரு சிறு விதை எண்ணிலிருந்து கணக்குப் போட்டு ஒவ்வொரு கிரகத்தின் பெயர், அரசியல், பொருளாதாரம் எல்லாவற்றையும் தேவைப்படும்போது உருவாக்கிக்கொண்டது புரோகிராம். அதே விதைக்கு எப்போதும் அதே கிரகம்.

ஆச்சரியம் அதோடு நிற்கவில்லை. அன்றைய வீடியோ கேம் என்றால் மூன்று உயிர், ஒரு ஸ்கோர், பத்து நிமிட ஆட்டம். எலைட்டில் மூன்றும் கிடையாது. தார்ன் இஎம்ஐ நிறுவனம் அதை நிராகரித்தது. பிறகு ஏகார்ன்சாஃப்ட் வெளியிட்டது. 100 கிரெடிட்டோடு கிளம்பும் கமாண்டர் வியாபாரியாகலாம், கொள்ளைக்காரனாகலாம், போதைப்பொருளும் அடிமைகளும்கூடக் கடத்தலாம். போலீஸ் துரத்தும், அவ்வளவுதான். முடிவு என்று ஒன்று இல்லை. இருந்ததெல்லாம் ஒரு பட்டம். 'அபாயமற்றவர்' என்ற நிலையில் தொடங்கி 6,400 எதிரிக் கப்பல்களை வீழ்த்தினால் 'எலைட்'. அதைத் தொட்டவர்கள் பல மாதங்களை அதற்குக் கொடுத்திருந்தார்கள்.

முப்பது வருடங்களுக்குப் பிறகு, பொதுமக்களிடம் 15 லட்சம் பவுண்டுக்கு மேல் திரட்டிய பணத்தோடு பிரேபனின் ஃபிரான்டியர் நிறுவனம் அதே கனவைப் பெரிதாக்கியது. 2014 டிசம்பர் 16ல் எலைட் டேஞ்சரஸ் வெளிவந்தது. இம்முறை களம், நம் பால்வீதி மண்டலம் முழுவதும். உண்மையான அளவில், 40,000 கோடி நட்சத்திரக் குடும்பங்கள். அவற்றில் சுமார் ஒன்றரை லட்சம் வானியல் அட்டவணைகளிலிருந்து எடுக்கப்பட்ட நிஜ நட்சத்திரங்கள். மற்றவை பௌதிக விதிகளை வைத்து கம்ப்யூட்டர் கணக்கிட்டவை. 2017ல் டிராப்பிஸ்ட்-1 என்ற நட்சத்திரத்தைச் சுற்றி ஏழு கிரகங்கள் இருப்பதை விஞ்ஞானிகள் அறிவித்தபோது, விளையாட்டின் வரைபடத்தில் அதே பக்கத்தில் ஏழு பாறைக் கிரகங்கள் கொண்ட ஒரு மங்கலான நட்சத்திரம் ஏற்கெனவே இருந்தது. சில திருத்தங்களோடு அதற்கு டிராப்பிஸ்ட்-1 என்றே பெயரிட்டார்கள்.

இவ்வளவு பெரிய வெளியில் ஒரு புதியவர் எப்படி முன்னேறுகிறார்?

முதல் பாடம் பணம். சுரங்கம், சரக்கு, தபால், கூலிக்குச் சண்டை, எதுவும் செய்யலாம். நாமக்கல் லாரிக்காரருக்குத் தெரிந்த அதே சூத்திரம்தான் இங்கும்: போகும்போது ஒரு லோடு இருந்தால் போதாது, திரும்பும்போதும் லோடு இருக்க வேண்டும். விவசாயக் கிரகத்தில் உணவு மலிவு, தொழிற்சாலைக் கிரகத்தில் எந்திரம் மலிவு. இரண்டுக்கும் இடையே ஓடுபவர் பிழைத்துக்கொள்வார்.

பணம் சேரச் சேரக் கப்பல் மாறும். மூன்றரை லட்சம் கிரெடிட்டுக்கு 'கோப்ரா மார்க் 3'. 1984ல் எல்லோரும் ஓட்டிய அதே கப்பல், அதே பெயர். 66 லட்சத்துக்குத் தொலைதூரப் பயணிகளுக்குப் பிடித்த 'ஆஸ்ப் எக்ஸ்புளோரர்'. ஐந்தரைக் கோடிக்கு மேல் 'பைத்தான்'. 14 கோடியே 70 லட்சத்துக்கு 'அனகோண்டா'. கப்பல் சந்தையில் விலையைப் பார்த்துவிட்டுத் தன் குட்டிக் கப்பலுக்குத் திரும்பும் புதியவரின் பெருமூச்சு, ஷோரூம் கண்ணாடியில் மூக்கை அழுத்திக் கார் பார்க்கும் இளைஞனின் பெருமூச்சுதான்.

இங்கேதான் பெரும்பாலானவர்கள் தடுக்கி விழுகிறார்கள். கப்பல் அழிந்தால் இன்ஷூரன்ஸ் உண்டு. கப்பலும் அதில் பொருத்திய சாதனங்களும் சேர்ந்த விலையில் ஐந்து சதவீதம் கட்டினால் அதே கப்பல் திரும்பக் கிடைக்கும். கட்டப் பணமில்லாவிட்டால் எல்லாம் போச்சு. ஆசைப்பட்டு அனகோண்டாவைக் கையிருப்பு முழுவதையும் கொட்டி வாங்குபவர், சாதனம் எதுவும் சேர்க்காத வெறும் கப்பலுக்கே 73 லட்சம் ஒதுக்கி வைத்திருக்க வேண்டும் என்பதை மறந்துவிடுகிறார். முதல் சண்டையிலோ, பழகாத பெரிய கப்பலை வாசலில் இடித்தோ அது போய்விட்டால், பல வாரச் சம்பாத்தியம் புகையாகி மீண்டும் சைட்வைண்டர். இன்ஷூரன்ஸ் பணம் கையில் இல்லாமல் கிளம்பாதே என்பது இந்த விண்வெளியின் முதல் கட்டளை.

இரண்டாவது பாடம் எரிபொருள். ஒரு நட்சத்திரத்திலிருந்து இன்னொன்றுக்குத் தாவும்போது எரிபொருள் குறையும். ஊருக்குள் இருக்கும்வரை நிலையங்களில் நிரப்பிக்கொள்ளலாம். மனிதர்கள் குடியேறிய பகுதியோ பால்வீதியில் ஒரு புள்ளி. அதைத் தாண்டினால் நட்சத்திரத்திலிருந்தே எரிபொருளை அள்ளிக்கொள்ள வேண்டும். 'ஸ்கூப்' என்ற கருவியைப் பொருத்திக்கொண்டு நட்சத்திரத்தின் விளிம்பை உரசிப் பறக்க வேண்டும். ரொம்ப நெருங்கினால் கப்பல் வெந்துவிடும். விலகினால் எதுவும் சேராது.

எல்லா நட்சத்திரமும் பால் கறக்காது. ஓ, பி, ஏ, எஃப், ஜி, கே, எம் என்ற ஏழு வகைகளில் மட்டுமே எரிபொருள் கிடைக்கும். அமெரிக்காவின் ஹார்வர்ட் வானாய்வகத்தில் ஆனி ஜம்ப் கேனன் என்ற பெண்மணி நூறாண்டுக்கு முன் நட்சத்திரங்களை நிறமாலைப்படி வரிசைப்படுத்தினாரே, அதே வரிசை. நம் சூரியன் ஜி வகை. இந்த எழுத்துகளைக் கலைத்துப் போட்டு 'கேஜிபி ஃபோம்' என்று மனப்பாடம் செய்துகொள்கிறார்கள் ஆட்டக்காரர்கள். சோவியத் உளவுத்துறை போய் எத்தனையோ வருடமாகியும் அதன் பெயர் இப்படி ஒரு நல்ல காரியத்துக்குப் பயன்படுகிறது. கல்லூரியில் பௌதிகம் படிக்காத ஒருவர், பழுப்புக் குள்ளன் எது, நியூட்ரான் நட்சத்திரம் எது என்று தூரத்திலிருந்தே சொல்லிவிடுவார். தப்பாகச் சொன்னால் நடுவழியில் டாங்க் காலி.

டாங்க் காலியானால் என்ன ஆகும்? எந்திரங்கள் ஒவ்வொன்றாக அணையும். அவசர ஆக்சிஜன் மட்டும் ஓடும். சாதாரணக் கருவி என்றால் ஐந்தே நிமிடம்.

இந்த ஐந்து நிமிடத்திலிருந்து பிறந்ததுதான் விளையாட்டின் மிக அழகான விஷயம். அதை எழுதியது ஃபிரான்டியர் நிறுவனம் அல்ல. 'ஃபியூயல் ராட்ஸ்', அதாவது எரிபொருள் எலிகள் என்று தங்களை அழைத்துக்கொள்ளும் ஆட்டக்காரர்களின் குழு. ஆக்சிஜன் ஓடத் தொடங்கிவிட்டதா? உடனே விளையாட்டை விட்டு வெளியேறிவிடு என்பார்கள். வெளியே இருக்கும்வரை கப்பலுக்கு நேரம் ஓடாது. பிறகு இன்டர்நெட் அரட்டை அறையில் நிதானமாக விவரம் கேட்பார்கள். எந்த நட்சத்திரம், எவ்வளவு ஆக்சிஜன் பாக்கி. பக்கத்தில் இருக்கும் எலி கிளம்புவார். தயாரானதும் ஆளை உள்ளே வரச் சொல்லி, சிறு டிரோன்கள் மூலம் எரிபொருளை ஊட்டுவார்கள். கட்டணம் கிடையாது. திட்டும் கிடையாது. எப்படித் தீர்ந்தது, அடுத்த முறை என்ன செய்ய வேண்டும் என்று சொல்லிக்கொடுத்துவிட்டுப் போய்விடுவார்கள். இப்படி மீட்கப்பட்டவர்கள் பல்லாயிரம் பேர். சிலரை மீட்க ஆயிரக்கணக்கான ஒளியாண்டுகள் மணிக்கணக்கில் பறந்து போயிருக்கிறார்கள். மீட்கப்பட்ட சிலர் பின்னால் தாங்களே எலிகளாகியிருக்கிறார்கள்.

எல்லா மூத்தவர்களும் இப்படி இல்லை. ஆல்ஃபா சென்டாரிக்குப் போ, 'ஹட்டன்' நிலையத்தில் அனகோண்டா இலவசமாகத் தருகிறார்கள் என்று புதியவர்களிடம் நல்லவன் போல் சொல்வது அங்கே பழைய வேடிக்கை. போய்ச் சேர்ந்த பிறகுதான் தெரியும், அந்த நிலையம் நட்சத்திரத்திலிருந்து 0.22 ஒளியாண்டு தள்ளி இருப்பது. ஆரம்ப வருடங்களில் அந்தத் தூரத்தை நேர்கோட்டில் கடக்க ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும். அனகோண்டாவும் கிடையாது. ஏமாந்தவர் செய்யும் முதல் காரியம், அடுத்த புதியவரிடம் அதையே சொல்வது.

இதைவிடக் கசப்பான வரவேற்பும் உண்டு. இது எல்லோரும் ஒரே வானில் பறக்கும் கேம். கப்பலின் தாவும் எந்திரத்தை மெருகேற்றும் ஃபெலிசிட்டி ஃபார்சீர் என்ற கற்பனை எஞ்சினியர் இருப்பது டெசியாட் என்ற நட்சத்திரத்தில். எல்லாப் புதியவர்களும் என்றாவது அங்கே போயாக வேண்டும் என்பது தெரிந்ததால், சரக்குக்காகக்கூட அல்லாமல் சும்மா சுட்டு வீழ்த்துவதற்காகவே சிலர் அங்கே காத்திருப்பார்கள். தப்பிக்க வழி எளிது. மற்றவர்கள் யாரும் கண்ணில் படாத 'சோலோ' முறையில் போய்வந்துவிடலாம். அனுபவசாலிகள் கூச்சப்படாமல் அதைத்தான் செய்கிறார்கள்.

மூன்றாவது பாடம் தூரம். பால்வீதியின் மையத்தில் சஜிடேரியஸ் ஏ நட்சத்திரம் என்ற கருந்துளை சூரியனிலிருந்து சுமார் 25,900 ஒளியாண்டு தள்ளி இருக்கிறது. தாவலுக்கு 20 ஒளியாண்டு போகும் கப்பலுக்கு 1,300 தாவல். தாவலுக்கு ஒரு நிமிடம் என்று வைத்தாலும் 21 மணி நேரத்துக்கு மேல். எஞ்சினியர் மெருகேற்றி 50 ஒளியாண்டு தாவும் கப்பலுக்கு ஒன்பது மணி நேரத்துக்குள் முடிந்துவிடும். இன்னும் அவசரம் என்றால் நியூட்ரான் நட்சத்திரம் பீய்ச்சும் ஒளிக்கற்றைக்குள் கப்பலை நுழைத்து எடுக்க வேண்டும். அடுத்த தாவல் நான்கு மடங்கு. கைதவறினால் கப்பல் சுழன்று நொறுங்கும். பால்வீதியின் மறுகரையில் இருக்கும் 'பீகிள் பாயின்ட்' சுமார் 65,000 ஒளியாண்டு. அங்கே போய்வந்தவர்கள் அதைக் கயிலாய யாத்திரை போலச் சொல்வார்கள்.

வழியில் யாரும் பார்க்காத நட்சத்திரத்தை முதலில் பார்ப்பவரின் பெயர் அதன்மேல் பதிந்துவிடும். பின்னால் வரும் எல்லோருக்கும் அது தெரியும். பத்து வருடங்களுக்கு மேலாகியும், எல்லா ஆட்டக்காரர்களும் சேர்ந்து பார்த்து முடித்தது மொத்த மண்டலத்தில் ஒரு சதவீதம்கூட இல்லை. ஆக, இன்று சேரும் புதியவருக்கும் பெயர் பொறிக்க நட்சத்திரம் கோடிக்கணக்கில் காத்திருக்கிறது.

ஆனால் ஒரு நிபந்தனை. சேகரித்த தகவலை ஒரு நிலையத்துக்குக் கொண்டுவந்து விற்றால்தான் பெயர் பதியும். அதற்குள் கப்பல் அழிந்தால் தகவலும் அழியும். கப்பலை இன்ஷூரன்ஸ் மீட்கும், வரைபடத்தை மீட்காது. இந்த விளையாட்டில் உண்மையில் பயப்பட வேண்டிய இடம் இதுதான். மூன்று மாதம் தனியாகச் சுற்றிப் பல்லாயிரம் உலகங்களைக் கண்டவர், கடைசி நாளில் ஊர் வாசலில் அசட்டையாக மோதினால் மூன்று மாதமும் இல்லை. ஈர்ப்புவிசை அதிகமான கிரகத்தில் சூரிய உதயம் பார்க்க ஆசைப்பட்டு வேகமாக இறங்கினாலும் இல்லை. பணத்தை மறுபடி சம்பாதிக்கலாம். முதலில் பார்த்தவர் என்ற இடத்தை இன்னொருவர் பிடித்திருப்பார்.

முதல் நாள் வாசலில் கற்ற நிதானம் திரும்பக் கேட்கப்படுவது அப்போதுதான். அதனால்தான் குறுக்குவழியில் ஏறுபவர்களைப் பார்த்து மூத்தவர்கள் தலையாட்டுகிறார்கள். இன்று பணம் சம்பாதிப்பது எளிதாகிவிட்டது. 2021ல் வந்த 'ஒடிசி' பதிப்புக்குப் பிறகு கப்பலிலிருந்து இறங்கி நடந்து அபூர்வ உயிரின மாதிரிகளைச் சேகரிக்கலாம். ஒரே ஒரு வகைக்கு ஒரு கோடிக்கு மேல் கிடைப்பதும் உண்டு. எது லாபம் என்று கேட்டு அதை மட்டும் நாள் முழுக்கச் செய்பவர் சில வாரங்களில் அனகோண்டாவில் உட்கார்ந்துவிடுகிறார். வெப்பத்தை அடக்கத் தெரியாது. தப்பி ஓடத் தெரியாது. ஏன் விளையாடுகிறோம் என்பதும் தெரியாது. அலுவலகத்தில் கோப்பு நகர்த்திவிட்டு வந்து வீட்டில் இன்னொரு கோப்பு நகர்த்தியது போல் இருக்கிறது என்று சலித்துக்கொண்டு விலகுகிறவர்களில் இவர்களே அதிகம்.

குற்றம் முழுக்க அவர்கள்மேல் இல்லை. 2016ல் எஞ்சினியர்கள் அறிமுகமானதிலிருந்து, ஒவ்வொரு கருவியை மெருகேற்றவும் விதவிதமான தனிமங்களையும் தகவல் துணுக்குகளையும் பொறுக்கச் சொன்னது நிறுவனம். செய்ததையே செய்யவைத்து நேரத்தை விழுங்கும் உத்தி என்ற புகார் பல வருடங்களாக இருந்தது. பிறகுதான் அதைத் தளர்த்தினார்கள்.

சரி, எல்லாத் தடைகளையும் தாண்டியவருக்கு உச்சியில் என்ன?

சண்டை, வியாபாரம், ஆராய்ச்சி என்று தனித்தனி ஏணிகள். வியாபாரி 'ஓட்டாண்டி'யாகத் தொடங்குகிறார். ஆராய்ச்சியாளர் 'இலக்கற்றவர்'. ஒவ்வொன்றிலும் எட்டுப் படி ஏறினால் எலைட். ஏதாவது ஒன்றில் எலைட் ஆனாலே ஷின்ரார்டா டெஸ்ரா என்ற இடத்துக்கு அனுமதிச் சீட்டு கிடைக்கும். அங்கே உள்ள ஜேம்சன் நினைவு நிலையத்தில் எல்லாக் கப்பலும் தள்ளுபடி விலையில் கிடைக்கும். 1984ல் ஆட்டக்காரருக்குக் கொடுக்கப்பட்ட பெயர் கமாண்டர் ஜேம்சன் என்பது தெரிந்தவர்களுக்கு அந்தப் பெயர்ப்பலகையில் சின்னச் சிலிர்ப்பு. எலைட்டுக்கும் மேலே பின்னால் ஐந்து படி சேர்த்தார்கள்.

பிறகு 500 கோடி கிரெடிட்டுக்குச் சொந்தமாக ஒரு கப்பல்தாங்கி. 2020ல் அறிமுகமானது. தன் எல்லாக் கப்பல்களையும் ஏற்றிக்கொண்டு ஒரே மூச்சில் 500 ஒளியாண்டு தாவும். வாரப் பராமரிப்புச் செலவே 50 லட்சத்தில் தொடங்கும். ஒரு வாரம் விளையாடாவிட்டாலும் பில் ஓடும். கல்யாண மண்டபம் கட்டியவர் அதற்கு வரி கட்டவே மறுபடி உழைப்பது போல, உச்சியைத் தொட்டவர் மறுபடி சுரங்கத்துக்குப் போகிறார்.

வேற்றுக்கிரக 'தார்காய்டு'களோடு போர் இருந்தது. 2017 ஜனவரியில் முதல் தார்காய்டு கப்பல் ஓர் ஆட்டக்காரரை நடுவழியில் நிறுத்தி உற்றுப் பார்த்தது. 2022 இறுதியில் அவற்றின் எட்டு ராட்சதத் தாய்க்கப்பல்கள் வந்து சேர்ந்தன. 2024 டிசம்பரில் கடைசித் தாய்க்கப்பல் நம் சூரியக் குடும்பத்துக்கே வந்தது. பூமியின் வாசலில் ஆயிரக்கணக்கானவர்கள் கூடி அதை வீழ்த்தினார்கள். 2025ல் புதிய நட்சத்திரக் குடும்பங்களில் ஆட்டக்காரர்களே குடியேற்றம் அமைக்கும் வசதி வந்தது.

ஆனாலும் இவை எல்லாம் நிறுவனம் கொடுக்கும் வேலைகள். உச்சியில் இருப்பவர்கள் தாங்களே கண்டுபிடித்துக்கொண்டவைதான் மனதில் நிற்கின்றன. 2016ல் 'ஜாக்' என்ற மதுக்கடைக்காரரின் விண்நிலையம் பீகிள் பாயின்டுக்குத் தாவப்போய்க் காணாமல் போனது. ஆட்டக்காரர்கள் தேடிக் கண்டுபிடித்தபோது, சூரியனிலிருந்து 22,000 ஒளியாண்டு தூரத்தில் பழுதடைந்து மிதந்துகொண்டிருந்தது. பழுது பார்க்க நூற்றுக்கணக்கானவர்கள் அங்கேயே போனார்கள், பலர் தங்கிவிட்டார்கள். இன்று அது கொலோனியா என்ற தனிக் குடியேற்றம். 2019ல் 13,000க்கும் மேற்பட்டவர்கள் பெயர் கொடுத்த ஒரு கூட்டுப் பயணம் பால்வீதியின் குறுக்கே கிளம்பியது. அவர்கள் உழைப்பில் மையக் கருந்துளை அருகே ஒரு நிலையம் எழுந்தது. இதற்கெல்லாம் பதவி உயர்வு எதுவும் கிடையாது.

இவ்வளவும் யாருடையது என்ற கேள்வி மட்டும் நெருடுகிறது. இன்டர்நெட் இணைப்பு இல்லாமலும் விளையாடலாம் என்ற வாக்குறுதியை வெளியீட்டுக்கு ஒரு மாதம் முன்பு, 2014 நவம்பரில், நிறுவனம் கைவிட்டது. பணம் கொடுத்து ஆதரித்தவர்கள் கொதித்தார்கள். 2022 மார்ச்சில், பிளேஸ்டேஷன், எக்ஸ்பாக்ஸ் கருவிகளுக்கு இனிப் புதிய பதிப்பு வராது என்று அறிவித்தது. அங்கே இருந்தவர்கள் தங்கள் கணக்கைக் கம்ப்யூட்டருக்கு மாற்றிக்கொள்ளலாம், புதுக் கம்ப்யூட்டர் வாங்க வசதி இருந்தால். 1984ன் எலைட்டை இன்றும் ஒருவர் தன் வீட்டில் ஓட்டலாம். எலைட் டேஞ்சரஸின் பால்வீதியோ ஃபிரான்டியரின் கம்ப்யூட்டர்களில் இருக்கிறது. என்றாவது ஒரு நாள் கணக்குப் பிள்ளை சுவிட்சை அணைத்தால், நட்சத்திரங்களில் பொறித்த பெயர்கள் அத்தனையும் அன்றே அழியும். விற்காத வரைபடத்தோடு வெடித்த கப்பலின் கதைதான், எல்லோருக்கும் ஒரே நேரத்தில்.

இது தெரிந்தும் ஆட்கள் பறந்துகொண்டுதான் இருக்கிறார்கள். எலைட் பட்டம், கப்பல்தாங்கி, கோடிக்கணக்கான கிரெடிட் எல்லாம் இருக்கும் கமாண்டர் ஒருவர் ராத்திரி பதினோரு மணிக்கு அரட்டை அறையை எட்டிப் பார்க்கிறார். எங்கோ ஒரு சைட்வைண்டர், முதல் வாரக்காரர், பழுப்புக் குள்ளன் அருகே டாங்க் காலி. கமாண்டர் கிளம்புகிறார். அவர் அனுப்பும் எரிபொருள் டிரோனின் விலை சுமார் நூறு கிரெடிட்.